பைப்படியில் முளைத்த மணத்தக்காளி

அப்பாவும் அம்மாவும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிய வருஷம், என்னைக் கண்டியில் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ஊர் என்றால் இந்தியா. நான் அதைப் பார்த்ததே கிடையாது. அப்பாவும் சின்ன வயதில் பார்த்ததோடு சரி. ஆனாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஊர் என்றுதான் பெயர். நாங்கள் பிறந்து வளர்ந்த ஹேவாஹெட்டவுக்குத் தோட்டம் என்று பெயர்.

தேயிலை விலை இறங்கிப்போய், அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில் பாதி மலையைக் காடாக விட்டுவிட்டார்கள். காடாகிப்போன மலைக்குக் கணக்கப்பிள்ளை எதற்கு? அப்பாவை நிறுத்திவிட்டார்கள். கண்டியில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளை படிக்கட்டும் என்பது என்னை விட்டுப்போனதற்கு வெளியே சொன்ன காரணம். ஊரில் சித்தப்பா வீட்டு வாசலில் நாலு வாயோடு போய் நிற்க அப்பாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மூன்று வாய் என்றால் கூச்சம் கொஞ்சம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

கண்டி ஸ்டேஷனில் அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே, "அழுவாத. பெரியம்மா சொல்றதக் கேட்டு நட. நாங்க சுருக்கா வந்துருவோம்" என்றாள். நான் அழவில்லை. அழுதது அவள்தான்.

பெரியப்பா வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையில் பெரியப்பாவின் கதிரை. அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. நடுவறையில் ஒரு அலுமாரி, ஒரு கட்டில். அதற்கப்புறம் அடுப்படி. அடுப்படியைத் தாண்டினால் சீமெந்து போட்ட பைப்படி, துணி துவைக்கிற கல், சுற்றிலும் பாசி பிடித்த மதில். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டு மதில் தெரியும். தோட்டத்தில் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலில் நின்றால் அடுக்கடுக்காக மலை தெரிந்து பழகிய கண்ணுக்கு அது ஒரு பெட்டிக்குள் இருப்பது போலிருந்தது.

அந்த வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. பேச்சுக்குத்தான் பஞ்சம். பெரியப்பா ஒரு மொத்த அரிசிக்கடையில் நம்பிக்கையான ஆள். விடிந்ததும் போவார், விளக்கு வைத்த பிறகு சாக்கு வாசனையோடு வருவார். பெரியம்மா இந்தியாவிலிருந்து கல்யாணம் முடித்து வந்தவர். பிள்ளை இல்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகும் இன்னொரு வேலையைத் தேடிப்பிடித்துச் செய்துகொண்டிருப்பார். மூன்றாவது ஆள் அத்தை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. பதினாறு வயதிருக்கும். தாய் தகப்பன் போனபிறகு பெரியப்பாதான் அவளை வளர்த்தார். பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு கோயிலுக்குப் பெரியம்மாவோடு போய் வருவதைத் தவிர அவள் சந்து முனையைத் தாண்டியதில்லை. நடுவறையில் யன்னலோரம் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பூவேலை செய்துகொண்டே இருப்பாள். அந்த வீட்டில் இருந்தவை மூன்று தலையணைகள். நான் போன பிறகு நான்கு. அவள் தைத்த உறைகளோ ஒரு அலுமாரித் தட்டு நிறைய.

பள்ளிக்கூடத்திலும் எனக்குப் பேச்சு வரவில்லை. டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. முதல் நாள் அவர், "வீட்டிலை ஆராவது படிப்பிச்சவையோ?" என்று அன்பாகத்தான் கேட்டார். நான் எழுந்து, "ஆமாங்க, எங்கம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றேன். முழு வகுப்பும் சிரித்தது. என்ன சிரிப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கேட்டால் தலையாட்டுவது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது என்று பழகிக்கொண்டேன். வீட்டிலும் அதே, பள்ளிக்கூடத்திலும் அதே. சில நாட்களில் மாலையாகும்போது, காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது ஞாபகம் வரும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, பைப்பைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் என் பெயரை நானே சொல்லிப் பார்ப்பேன்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் அந்தச் செடியைப் பார்த்தேன்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்திருந்தது. பைப்படிச் சீமெந்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு வெடிப்பு. கழுவுகிற தண்ணீரோடு போன சோறும் சாம்பலும் அதில் சேர்ந்து மண்ணாகியிருந்தன. அதில் விரலளவு ஒரு கன்று. மெல்லிய தண்டு. இலை மிருதுவாக, ஓரம் லேசாக நெளிந்து, நுனி கூராக. ஏதோ ஒரு குருவி எங்கேயோ பழம் தின்று இங்கே வந்து எச்சம் போட்டிருக்கிறது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மணத்தக்காளியை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால், மாட்டுச்சாணி கொட்டுகிற குழியோரம், வடிகால் கரை, எங்கே பார்த்தாலும் அது கிடக்கும். அம்மா அதன் இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து வாய்ப்புண்ணுக்குத் தருவாள். மிளகைப் போல உருண்ட பழம் கறுத்ததும் பிள்ளைகள் நாங்கள் தின்போம். உள்ளே தக்காளியைப் போலவே சின்னச் சின்ன விதை. லேசாகப் புளித்து இனிக்கும்.

ஊரே தெரியாத இடத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்ததுபோல நான் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் பெரியம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் முகம் மலர்ந்து, "இந்தா, மொளகா மொளச்சிருக்கு!" என்றார்.

மிளகாய்க் கன்றும் முதலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது மிளகாய் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் காட்டுச்செடி என்று பிடுங்கி எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன். அதுவுமல்லாமல் என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்த வீட்டில் மணத்தக்காளி மிளகாய் என்ற பெயரில் வளரத் தொடங்கியது.

அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றினேன். இலையில் பூச்சி ஓட்டை போட்டபோது அடுப்புச் சாம்பலைத் தூவினேன். கொஞ்ச நாளில் அதன் பக்கத்திலேயே இன்னொரு கன்று வந்தது. இலை ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் கசக்கினால் மூக்கைச் சுளிக்கவைக்கும் நாற்றம். அது ஊமத்தை. அதை வேரோடு பிடுங்கிப் போட்டேன். பெரியம்மா பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு கன்ன வீணாக்கிட்டியே" என்று அங்கலாய்த்தார்.

"அது ஊமத்த, பெரியம்மா. வெசம்."

"அப்ப இது?"

"இது... நீங்க சொன்னதுதான்."

அவர் நிம்மதியாகப் போய்விட்டார். திரும்பினால், அடுப்படி நிலையில் சாய்ந்தபடி அத்தை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. பெரியம்மா உள்ளே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, குனிந்து என் காதருகே, "அது மொளகா இல்லதானே?" என்றாள்.

நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பிட்டியா, குளிச்சியா என்பதைத் தவிர அத்தை என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் தலையை இல்லையென்று ஆட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு ஒரு போக்கிடம் இருந்தது. பெரியம்மா மத்தியானம் அசந்து படுக்கிற நேரத்தில் அத்தை தையலை வைத்துவிட்டுப் பைப்படிக்கு வருவாள். இருவரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து செடியைப் பார்ப்போம். அவள் தோட்டத்தைப் பற்றிக் கேட்பாள். "பொம்பளைங்க தனியா மலைக்குப் போவாங்களா?" என்பாள். போவார்கள், கூடையை மாட்டிக்கொண்டு விடியற்காலையே போவார்கள் என்பேன். "பயமா இருக்காதா?" என்பாள். அட்டைதான் கடிக்கும் என்பேன். அவள் யோசித்து, "அட்டை கடிச்சாக் கடிக்கட்டும்" என்பாள். எனக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு பெரியவள் என்னிடம் கேள்வி கேட்கிறாள், நான் பதில் சொல்கிறேன். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

செடி இடுப்பளவு வளர்ந்து பூத்தது. நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு. மிளகாய்ப் பூவும் வெள்ளைதான் என்பதால் பெரியம்மாவின் நம்பிக்கை இன்னும் வலுத்தது. உப்பில் போடுவதற்குச் சின்ன ஜாடியொன்றைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒரே காம்பில் ஐந்தாறு பச்சை மணிகள் கொத்தாகத் தொங்கியதும்தான் ஆள் திகைத்துப்போனார். புடவையை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு செடிக்கு முன்னால் குந்தினார். ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார்.

"அட, மணத்தக்காளி!" என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "எங்க வீட்டுக் கொல்ல பூரா இதுதான் கெடக்கும். எங்கம்மா இதுல வத்தல் போடும். நான் இங்க வந்த நாளா இதக் கண்ணால பாக்கல."

அப்புறம் அவர் நிறையப் பேசினார். அவருடைய அம்மா, கொல்லை, கொல்லைக்கு அப்பால் ஓடிய வாய்க்கால், கூட விளையாடிய ஒருத்தி. எதிரில் யார் இருக்கிறார்கள் என்று கவனிக்காமல் பேசினார். பேசி முடித்ததும் வெட்கப்பட்டவர் போல எழுந்து, கொடியில் உலர்ந்த துணியை எடுக்கப் போய்விட்டார். அந்த வீட்டில் பேச்சில்லாமல் இருந்தது நான் மட்டுமல்ல என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

அன்றைக்கு இலைகளைக் கிள்ளிப் பருப்போடு போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினார். பெரியப்பா, "கசக்குதே" என்றார். ஆனால் மறுசோறு கேட்டார்.

காயைப் பற்றித்தான் எனக்கும் பெரியம்மாவுக்கும் தகராறு. அவருக்குப் பச்சைக் காய் வேண்டும். லேசாகக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் வற்றல். அப்படிப் பக்குவம் பண்ணிப் பொரித்தால் வயிற்றை ஒன்றும் செய்யாது. எனக்கோ அது பழுக்க வேண்டும். கடைசியில் கீழ்க்கிளை அவருக்கு, மேல்கிளை எனக்கு என்று உடன்படிக்கை ஆயிற்று. தை மாத வெயிலில் அவருடைய காய்கள் சுளகில் சுருங்கின. என்னுடையவை செடியில் கறுத்தன.

பழுத்ததை அத்தையும் நானும் களவாகப் பறித்துத் தின்போம். நாக்கு ஊதா நிறமாகிவிடும். ஒருவர் நாக்கை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு வாய் கொப்பளிப்போம். எதைப் பறிக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கறுத்து, பளபளப்புக் குறைந்து, தொட்டவுடன் கையோடு வருவதுதான் பழம். பச்சையாக இருப்பதை அப்படியே தின்னக் கூடாது.

"தின்னா என்ன ஆகும்?" என்று அத்தை கேட்டாள்.

"எங்க லயத்துல ஒரு பையன் ஒரு கை அள்ளித் தின்னுட்டான். வாந்தி வாந்தியா எடுத்தான். தலை சுத்தி விழுந்துட்டான்."

"செத்துட்டானா?"

"ஐயோ, இல்ல அத்தை. அடுத்த நாளே கொய்யா மரத்துல ஏறிட்டான்."

"ஒரு நாளைக்குத்தானா?"

"ஒரு நாளைக்குத்தான்."

அத்தை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் தலையாட்டுகிற மாதிரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை நடத்துகிற பெரிய கங்காணி. மனைவி இறந்துபோனவர். அவர் ஆட்களுக்கு வேண்டிய சாமான் எல்லாம் பெரியப்பா வேலைபார்த்த கடையிலிருந்துதான் போயின. அவர் கடைக்குள் வந்தால் முதலாளியே எழுந்து நிற்பாராம். அப்படிப்பட்டவர் வீடு தேடி வந்து பெண் கேட்டதில் பெரியப்பா கொஞ்சம் உயரமாகியிருந்தார். பெண் பார்க்க வந்த அன்று அவர் கோட்டும் தலைப்பாகையுமாகப் பெரியப்பாவின் கதிரையில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டு, "என்ன வகுப்பும்மா படிக்கிற?" என்று கேட்டு, பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு வந்தவர்களில் என்னோடு பேசிய ஒரே ஆள் அவர்தான். ஆகவே எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

அத்தையிடம் அதைச் சொன்னேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "அவரு மூத்த மகனுக்கு என்னவிட வயசு கூட" என்றாள். அப்படியானால் வீட்டில் நிறைய ஆள் இருப்பார்கள், பேச்சுத்துணைக்குக் குறைவிருக்காது என்று நான் சொன்னேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எனக்கிருந்த ஒரே கவலை, அவள் போய்விட்டால் பைப்படியில் நான் மறுபடி தனியாக உட்கார வேண்டுமே என்பதுதான். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

தை கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பரிசம் போட வருவதாக ஏற்பாடு. அன்று காலையிலிருந்தே வீடு அமளிப்பட்டது. பெரியம்மா தன் வற்றலை முதல்முறையாகப் பொரிக்க எண்ணெய் வைத்திருந்தார். நான் முகம் கழுவப் பைப்படிக்குப் போனேன். என்னுடைய மேல்கிளைகள் மொட்டையாக நின்றன. ஒரு பச்சைக் காய்கூட இல்லை. கறுத்த பழங்களை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். பெரியம்மா உடன்படிக்கையை மீறிவிட்டார், விருந்துக்கு வற்றல் போதாமல் என் காயையும் பறித்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் வந்தது. மோரில் ஊறினால்தானே வற்றல், பறித்த அன்றே பொரிக்க முடியாதே என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. யாரோடும் பேசாமல் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

கங்காணியார், அவருடைய அக்கா, இன்னும் சில உறவுக்காரர்கள், தாம்பாளங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. முன்னறையில் பாய் விரித்திருந்தார்கள். பெரியம்மா அத்தையை அழைத்துக்கொண்டு வந்தார். பட்டுப்புடவை, தலைநிறையப் பூ. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கும்பிடக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே தாம்பாளத்தின் பக்கத்திலேயே வாந்தியெடுத்துவிட்டாள்.

பெரியம்மா அவளைத் தாங்கிப் பைப்படிக்குக் கொண்டுவந்தார். அங்கேயும் நிற்கவில்லை. தலை சுற்றுகிறது என்று துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். முன்னறையில் கங்காணியாரின் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி, "பொண்ணுக்கு இது எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டது இங்கே கேட்டது. அதில் என்ன இருந்ததோ, பெரியம்மா திரும்பி முன்னறைப் பக்கம் பார்த்தார். அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உண்மையச் சொல்லுடி. என்னடி இது?"

அத்தை செடியைக் கைகாட்டினாள். "காய்... பழம்னு நெனச்சு..." என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். நான் எவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுத்தேன்! முன்னறைவரை கேட்கிற குரலில், அந்த வீட்டில் நான் ஒருநாளும் பேசாத குரலில், கத்தினேன்.

"பொய்! நான் சொன்னேன், பச்சையத் தின்னக் கூடாதுன்னு சொன்னேன். தின்னா என்ன ஆகும்னு அத்தைதானே எங்கிட்டக் கேட்டாங்க? ஒரு நாளைக்குத்தானான்னு..."

பெரியம்மாவின் ஈரக் கை என் வாயை மூடியது. அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தாள். செடியில் மிச்சமிருந்த கறுப்புப் பழங்களையும் பெரியம்மா பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. அதற்குள் பெரியப்பா வந்து அடுப்படி வாசலில் நின்றார். "என்ன ஆச்சு? என்ன கத்துறா இவ?"

பெரியம்மா என் வாயிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "ஒண்ணுமில்லங்க. சின்னப்புள்ள தப்புத்தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கா. காயி எது பழம் எதுன்னு தெரியாம இவ தின்னு தொலச்சிட்டா. போய் அப்போதிக்கரி ஐயாவக் கூட்டிட்டு வாங்க."

நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேனாம்! வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. பெரியம்மா கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதிக்கரி வந்து நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மிச்சமிருந்த காய்க்காம்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காய் தின்றதுதான், வேறொன்றுமில்லை, கஞ்சி கொடுங்கள் என்று சொல்லி ஒரு போத்தலில் மருந்து அனுப்பினார். பெரியப்பா அதை முன்னறையில் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொன்னார். கங்காணியார் நல்ல மாதிரி, சங்கடத்தோடு தலையாட்டினார். அவருடைய அக்கா, "இருக்கட்டும், பொண்ணு மொதல்ல தேறட்டும், பொறவு பாக்கலாம்" என்று சொல்லித் தாம்பாளங்களை மூடச் சொன்னார். அந்தப் 'பொறவு' வரவேயில்லை. மாசி பிறந்ததும் கங்காணியாருக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகக் கடையில் பேசிக்கொண்டார்களாம்.

அவர்கள் போன கையோடு பெரியப்பா பைப்படிக்கு வந்து மணத்தக்காளியை வேரோடு பிடுங்கி மதிலுக்கு அப்பால் எறிந்தார். எளிதில் வரவில்லை. வெடிப்புச் சீமெந்தும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. பெரியம்மா தடுக்கவில்லை. பொரித்த வற்றல் யாரும் தொடாமல் தட்டில் கிடந்தது. அதை அவர் ஒருவராகவே உட்கார்ந்து தின்றார்.

அத்தை அடுத்த நாளே எழுந்து நடமாடினாள். நான் அவளோடு பேசவில்லை. பெரியம்மாவோடும் பேசவில்லை. அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியிருந்ததை மட்டும் பார்த்தேன். அடுப்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில், காய் நறுக்கியபடி. நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தையும் தப்பு என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரே துணையையும் எடுத்துக்கொண்டுவிட்டார் பெரியம்மா என்று நினைத்தேன். பைப்படியில் செடி இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அத்தை ஓரிரு தடவை வந்து, "கோவமாடி?" என்று கேட்டாள். நான் பைப்பைத் திறந்துவிடுவேன்.

அவள் பிற்பாடு மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பெரியம்மாதான் பெரியப்பாவோடு மல்லுக்கட்டி அனுப்பினாராம். படித்து, சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகி, முப்பதை நெருங்கும்போது கூட வேலைபார்த்த ஒருவரையே கட்டிக்கொண்டாள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேள்விப்பட்டவை.

பங்குனியில் அப்பா வந்தார். தோட்டத்தில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள், அம்மா லயத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள், தம்பி நடக்கிறான் என்றார். புறப்படுகிற அன்று காலை அத்தைதான் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள். என் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டும்போது, பைப்படியில் ரகசியம் பேசுகிற அந்தப் பழைய குரலில் சொன்னாள்:

"நீ தப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. எனக்கு எல்லாம் நல்லாப் புரிஞ்சுது. நீ சொன்ன மாதிரியே ஒரு நாளையில சரியாப் போச்சு பாரு."

பெரியம்மா வழிக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். தலைநிமிராமலே, "போதும், புள்ளைக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். பிறகு எழுந்து வந்து, அதுவரை ஒருநாளும் செய்யாத விதமாக, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார்.

நான் இறங்கி வந்தேன். பஸ் ஏறி, கண்டி கீழே போய், தேயிலை மலைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியபோதும் என் மனம் ஆறவில்லை. புரிந்ததாம்! புரிந்திருந்தால் யாராவது பழத்தை விட்டுவிட்டுக் காயைத் தின்பார்களா?

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அத்தைய விட்டு வந்தது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அத்தைக்குக் கண்ணு சரியில்ல. கறுப்பு எது பச்சை எதுன்னு தெரியல" என்றேன்.

அப்பா பதறிப்போய்விட்டார். அடுத்த தடவை கண்டிக்குப் போகும்போது அண்ணனிடம் சொல்லி, தங்கச்சியை நல்ல கண் டாக்டரிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும், ஆமாம், கட்டாயம் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.